துப்பாக்கி வந்த கதை

முதல் பாகம் சக்கைப்போடு போட்ட தொடர்கதைக்கு இரண்டாம் பாகம் எழுதித் தரும்படி பத்திரிகாசிரியர்கள் கேட்பதுண்டு. அப்படிக் கேட்டதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'முதல் பாகம் போல் இல்லையே, ஐயா' என்ற கடிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் தமிழ்நாட்டில் அநேகம். ஆனால் முதல் பாகத்தை ஜனங்கள் வாய்க்கு வந்தபடி வைது தீர்த்த பிறகும், நாலு வருஷம் கழித்து, அதே பெயரில், அதே நிறுவனத்தார் இரண்டாம் பாகம் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டால், கதை எழுதிப் பிழைக்கிற எவனுக்கும் காது விடைக்கத்தான் செய்யும். என்ன துணிச்சல்! எதை மாற்றினார்கள்? எதை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டார்கள்?

நான் சொல்ல வந்தது நாவலைப் பற்றி அல்ல. கைப்பேசியில் ஆடுகிற ஒரு துப்பாக்கி விளையாட்டைப் பற்றி. அதன் பெயர் 'ஃபௌஜி'. ஹிந்தியில் படைவீரன் என்று அர்த்தம். முதல் பாகம் 2021 ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினத்தன்று வெளியாயிற்று. இரண்டாம் பாகத்துக்கு 'ஃபௌஜி: டாமினேஷன்' என்று பெயர் வைத்து 2025-இன் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். இரண்டும் நம் நாட்டுச் சரக்கு. விளையாட்டுச் சாமான் விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். இந்தச் சரித்திரத்துக்குள் ஒரு நதியும், இரண்டு ராஜாங்க ஒப்பந்தங்களும், நம் பக்கத்து ஜில்லாக்காரர் ஒருவரும் வருகிறார்கள்.

கதை பப்ஜியிலிருந்து ஆரம்பமாகிறது. அந்தப் பெயரைக் கேளாத பெற்றோர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடிச் சுடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். கொரியாக்காரர்களின் விளையாட்டு இது. 2018-இல் இது கைப்பேசிக்கு வந்தபோது அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது சீனத்து டென்சென்ட் கம்பெனி. எங்கள் விளாங்குடியில் கண்மாய்க் கரை, டீக்கடைப் பெஞ்சு, மொட்டைமாடி எங்கும் குனிந்த தலைகளாகவே தெரிந்த காலம் அது. ஒருநாள் ராத்திரி பக்கத்து வீட்டு மாடியிலிருந்து "ஐயோ, செத்தேண்டா!" என்று ஒரு கூச்சல். கீழேயிருந்து தாயார் சொன்னாள்: "வெளக்கு வச்ச நேரத்துல வாயில நல்ல வார்த்தை வருதா பாரு."

2020 ஜூன் மாதம் லடாக்கின் கிழக்குக் கோடியில் கல்வான் பள்ளத்தாக்கில் கைகலப்பு நடந்தது. அதன் பின்விளைவாக ஜூன் 29-ஆம் தேதி 59 சீனச் செயலிகளுக்கு நம் அரசாங்கம் தடை போட்டது. செப்டம்பர் 2-ஆம் தேதி மேலும் 118. அந்தப் பட்டியலில் பப்ஜியும் இருந்தது. குனிந்த தலைகள் ஒரு நாள் நிமிர்ந்தன. சரியாக இரண்டே நாள். செப்டம்பர் 4-ஆம் தேதி ஹிந்தி நடிகர் அக்ஷய் குமார், 'ஃபௌஜி வருகிறது' என்று அறிவித்தார். நிகர வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கு, நாட்டுக்காக உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றும் சொன்னார். பப்ஜி, ஃபௌஜி, பெயரின் ஓசையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது அல்லவா? தடைபட்ட விளையாட்டின் இடத்தில் நம்முடைய விளையாட்டு. போதாக்குறைக்கு, கதை நடக்கும் இடமும் கல்வான் பள்ளத்தாக்கேதான்.

பையன்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஜனவரி 26 வந்தது. திறந்து பார்த்தால், துப்பாக்கி இல்லை!

வாஸ்தவம். துப்பாக்கி விளையாட்டு என்று எல்லோரும் நம்பியிருந்த அந்த முதல் பாகத்தில் கதாநாயகன் வெறுங்கையால் சண்டை போட்டான். தடி கிடைத்தால் தடி, கம்பி கிடைத்தால் கம்பி. பனி மூடிய மலைப்பாதையில் தன் குழுவைப் பிரிந்துவிட்ட சிப்பாய் ஒருவன் தட்டுத்தடுமாறி நடந்து போகிறான். இரண்டு மூன்று பேர் எதிரே வருகிறார்கள். குத்துகிறான், தடுக்கிறான், மறுபடி குத்துகிறான். பிறகு நடக்கிறான். அடிபட்டுச் சோர்ந்தால் வழியில் எரிகிற நெருப்பின் அருகே உட்கார வேண்டும். உயிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அவ்வளவுதான் விளையாட்டு. 'மந்தமாக இருக்கிறது', 'ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது', 'துப்பாக்கி எங்கே?' என்று அபிப்பிராயங்கள் வந்து குவிந்தன. கூகுள் கடையில் அதற்கு இருந்த நட்சத்திர மதிப்பு சில நாட்களுக்குள் மளமளவென்று இறங்கியது. பப்ஜிக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் வேண்டுமென்றே மட்டம் தட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் விளையாட்டு என்ற அளவில் அது அலுப்பூட்டியது என்பதும் பொய்யல்ல.

ஆனால் துப்பாக்கி ஏன் இல்லை? தயாரித்தவர்களுக்குத் துப்பாக்கி வரையத் தெரியாதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்வானில் துப்பாக்கி சுடவில்லை.

இந்தியாவும் சீனாவும் 1993 செப்டம்பர் 7-ஆம் தேதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லைக்கோடு எது என்பதில் தகராறு தீராவிட்டாலும், இப்போது யார் எங்கே நிற்கிறார்களோ அந்தக் கோட்டை மதித்து அமைதி காப்பது என்று அதில் ஏற்பாடு. 1996 நவம்பர் 29-ஆம் தேதி இன்னோர் ஒப்பந்தம். அதன்படி கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் துப்பாக்கிச் சூடு நடத்தக் கூடாது. வெடி வைக்கக் கூடாது. வேட்டைக்குக்கூடச் சுடக் கூடாது. 1975-இல் அருணாசலப் பகுதியில் நான்கு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகு 45 ஆண்டுகள் அந்தக் கோட்டில் உயிர்ச்சேதம் இல்லை. முறைத்துக்கொள்வார்கள், தள்ளிக்கொள்வார்கள், கல்லெறிவார்கள்; துப்பாக்கி தோளிலேயே இருக்கும்.

2020 ஜூன் 15-ஆம் தேதி இரவு அந்தத் தள்ளுமுள்ளு யுத்தமாக மாறியது. பதினாலாயிரம் அடி உயரம், பனி உருகி ஓடும் ஆறு, கும்மிருட்டு. கல், இரும்புக் கம்பி, ஆணி அடித்த தடி. கற்கால மனிதர்கள் சண்டை போட்டது போலச் சண்டை போட்டார்கள், அணுகுண்டு வைத்திருக்கிற இரண்டு தேசத்தின் படைவீரர்கள். கர்னல் சந்தோஷ் பாபு உள்பட நம் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். முதலில் வந்த அறிவிப்பில் மூன்று பேர்தாம். மற்ற 17 பேரும் பலத்த காயத்தோடு உறைபனிக் குளிரில் கிடந்து இறந்தவர்கள் என்று ராணுவம் பிறகு அறிவித்தது. சீனா தன் பக்கத்தில் நால்வர் இறந்ததாக ஒப்புக்கொள்வதற்கு அடுத்த வருஷம் பிப்ரவரி ஆயிற்று. 'நம் வீரர்கள் கையில் ஆயுதம் இல்லையா?' என்று நாட்டில் பெரிய கேள்வி எழுந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பதில் சொன்னார்: ஆயுதம் இருந்தது, எல்லைக் காவலில் இருப்பவர்கள் எப்போதும் ஆயுதத்தோடுதான் போவார்கள், 1996, 2005 ஒப்பந்தங்களின்படி நேருக்கு நேர் நிற்கும்போது அதைப் பயன்படுத்துவதில்லை என்பது நெடுநாள் வழக்கம்.

முதலில் அறிவித்த மூன்று பெயரில் ஒன்று, ஹவில்தார் கே. பழனி. ராமநாதபுரம் ஜில்லா, திருவாடானைத் தாலுகா, கடுக்கலூர்க்காரர். வயது 40. அதில் 22 வருஷம் பட்டாளத்தில். அவருடைய படைப்பிரிவு என்ன தெரியுமா? 81-ஆவது ஃபீல்டு ரெஜிமெண்ட். அதாவது பீரங்கிப் படை. வாழ்நாளில் பாதிக்கு மேல் பீரங்கியோடு பழகிய மனிதர், ஒரு தோட்டாகூட வெடிக்காத சண்டையில் இறந்தார். நான் இப்படி ஒரு கதை எழுதியிருந்தால், 'செயற்கையாக இருக்கிறது' என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள். கொள்ளைநோய் ஊரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்திருந்த சமயம். விமானப்படை விமானத்தில் அவர் உடல் மதுரைக்குத்தான் வந்தது. இங்கிருந்துதான் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். மறு வருஷம் குடியரசு தினத்தை ஒட்டி அவருக்கு வீர சக்கரம் அறிவிக்கப்பட்டது. கூர்மையான ஆயுதத்தால் தம்மை எதிரி தாக்கிய பிறகும், காயம்பட்டுக் கிடந்த தோழர்களைக் காப்பாற்ற நின்றார் என்று அந்தப் பாராட்டுரை சொல்கிறது. தேதியைக் கவனியுங்கள்: விருது அறிவித்ததும் விளையாட்டு வெளியானதும் அதே குடியரசு தினத்தை ஒட்டித்தான்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முதல் பாகத்தைத் திரும்பப் பார்த்தால், பையன்கள் 'மந்தம்' என்று வைத ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிகிறது. நெருப்பருகே உட்கார்ந்தால் உயிர் ஏறும் என்று வைத்தானே ஒருவன், அவன் விஷயம் தெரிந்தவன். குளிரில் செத்தவர்களின் கதையில் நெருப்புத்தான் மருந்து. துப்பாக்கி இல்லாத விளையாட்டை, துப்பாக்கிக்காகவே காத்திருந்த லட்சக்கணக்கான பேர் கையில் கொடுப்பதற்கு அசட்டுத் துணிச்சல் வேண்டும். கதை சொன்ன விதம் கட்டை, வசனம் சினிமாத்தனம், அடியும் குத்தும் பொம்மைத்தனம். இருந்தாலும் ஒரே ஓர் உண்மையை அவர்கள் கையை விட்டு நழுவவிடவில்லை.

எத்தனை நாள் நழுவவிடாமல் இருந்தார்கள் என்று கேட்டால், ஐந்து மாதம். 2021 ஜூனில், அதே முதல் பாகத்துக்குள், இரண்டு கோஷ்டிகள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் ஒரு பகுதியைச் சோதனையாகச் சேர்த்தார்கள். அதற்கு 'டீம் டெத்மேட்ச்' என்று பெயர்.

இந்த 'டெத்மேட்ச்' என்ற வார்த்தைக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், மெஸ்கிட் என்ற ஊரில் ஐடி சாப்ட்வேர் என்று ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ முதலிய வாலிபர்கள் நடத்திய கம்பெனி. 1993 டிசம்பர் 10-ஆம் தேதி, விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஒன்றின் வழியாக அவர்கள் 'டூம்' என்ற விளையாட்டை உலகத்துக்கு அனுப்பினார்கள். ஆடுகிறவனின் கண்ணே கதாநாயகனின் கண். துப்பாக்கி நுனி மட்டும் கீழே தெரியும். அந்த மாதிரி அதற்கு முன்பும் வந்திருந்தது; அவர்களே ஒன்று செய்திருந்தார்கள். டூமில் புதிது அதன் வேகம். நின்றவன் செத்தான். முதல் பகுதி இலவசம், பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்று வியாபாரம். கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்துவிட்டு நான்கு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளவும் வழி வைத்தார்கள். அதற்குத்தான் ரொமேரோ 'டெத்மேட்ச்' என்று பெயர் கொடுத்தார். அடுத்த வருஷமே இரண்டாம் பாகம் வந்தது. அதற்கு மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அதே சாப்பாட்டை இன்னொரு கை அதிகமாகப் பரிமாறினார்கள். நம் நாட்டில் பொதுஜனங்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-இல்தான். அதனால் டூம் இந்தப் பக்கத்துக்கெல்லாம் தபால் வழி வந்ததோ, யாருடைய பெட்டியில் வந்ததோ, கைமாறிக் கைமாறி ஃபிளாப்பித் தட்டில் வந்தது.

கம்பி போய் இண்டர்நெட் வந்ததும் ஒரு சங்கடம் முளைத்தது. நான் இங்கே விசையை அழுத்துகிறேன். செய்தி எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அதுவரை என் ஆள் அசைய மாட்டான். கால் விநாடிதான். ஆனால் கால் விநாடியில் செத்துவிடலாம். கார்மாக் இதற்கு ஓர் யுக்தி கண்டுபிடித்தார். பதில் வரும்வரை காத்திராதே, நடக்கப்போவதை ஊகித்து முன்கூட்டியே படம் போட்டுவிடு, தப்பாகப் போனால் பிறகு திருத்திக்கொள் என்று ஆடுகிறவனின் கம்ப்யூட்டருக்கே சொல்லிக் கொடுத்தார். 1996 டிசம்பரில் 'குவேக்வேர்ல்டு' என்ற பெயரில் இது வெளிவந்தது. இன்று கைப்பேசியில் ஓடுகிற துப்பாக்கி விளையாட்டுகளுக்கெல்லாம் இந்த ஊகம்தான் அஸ்திவாரம்.

தேதிகளின் விளையாட்டு விநோதமானது. இமயமலையில் அமைதி காப்பதென்று இரண்டு தேசங்கள் கையெழுத்துப் போட்ட 1993-இல் டூம். சுடுவதில்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட அடுத்த மாதமே குவேக்வேர்ல்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாத அந்த இரண்டையும் ஃபௌஜி ஒரே மேடையில் ஏற்றப் பார்த்தது.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருவோம். எங்கள் தெருப் பையன் ஒருவன், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை என் கையில் கொடுத்தான்.

"இடது கட்டை விரல்ல ஓடுங்க மாமா. வலது கட்டை விரல்ல குறி பாருங்க."

"சுடுறது எதுல மாப்ளே?"

"அதுவும் வலதுதான். எல்லாத்தையும் சேர்ந்தாப்புல செய்யணும்."

ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சி. இடம், சென்னைத் துறைமுகத்தை நினைத்து உருவாக்கியதாம். டில்லியின் சுரங்க ரயில் நிலையம், ஜோத்பூர்ப் பாலைவனக் காவல்முனை, பம்பாயின் மாடிக் கட்டிடங்கள் என்று மற்ற இடங்களும் இருக்கின்றன. சரக்குப் பெட்டிகள் மலை மலையாக அடுக்கியிருந்த ஒரு சந்தில் நான் நின்றேன். நம் ஊர்த் துறைமுகம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று தலையை உயர்த்தினேன். செத்துப்போனேன். இரண்டு மூன்று விநாடியில் வேறொரு மூலையில் மறுபடி உயிரோடு நின்றேன். எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று ஒரு பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். மறுபடியும் செத்தேன்.

"மாமா, வேடிக்கை பார்க்காதீங்க. ஓடிக்கிட்டே இருக்கணும்."

ஓடினேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு மூலையில் திரும்பும்போது எதிரே வந்த ஆசாமியை, குறி பார்க்காமலே, பயத்தில் சுட்டுவிட்டேன். விழுந்தான். அந்த விநாடியில் உடம்பில் ஏறிய குஷி இருக்கிறதே, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். சித்திரைத் திருவிழாச் சமயத்துப் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற கடை உண்டு. பலூன் 'பட்'டென்று வெடிக்கும்போது, பக்கத்தில் மனைவி மக்கள் நிற்பதையும் மறந்து சிரிப்பு வருமே, அதே குஷி. ஆனால் பலூன் திருப்பிச் சுடுவதில்லை. இது சுடுகிறது. விழுந்தவன் நிஜமாகவே எங்கோ ஓர் ஊரில், இந்தூரிலோ கௌஹாத்தியிலோ, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிற இன்னொரு பையன். அவனும் இரண்டு விநாடியில் எழுந்துவிடுவான். என்னைத் தேடி வருவான். வந்தான்.

விளையாட்டு என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தைவிட இது எவ்வளவோ மேல். கை சொன்னதைத் துப்பாக்கி கேட்கிறது. ஒரே குண்டில் சாகிற ஆட்டம், ஒருவனை வீழ்த்தினால் கைத்துப்பாக்கி மாறி அடுத்த ஆயுதம் கிடைக்கிற ஆட்டம் என்று வகை வகையாக இருக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் இன்னொன்று ஆடத் தோன்றுகிறது. இரண்டாம் பாகம் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியத்தை, அதாவது முதல் பாகத்தில் வாசகன் எங்கே கொட்டாவி விட்டான் என்று கண்டுபிடிப்பதை, இவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

கல்வான் மட்டும் இல்லை. பனி இல்லை, ஆறு இல்லை, நெருப்பு இல்லை. எதிரே வருகிறவன் எந்தத் தேசத்தான் என்ற கேள்விகூட எழுவதில்லை. அவன் எதிர்க்கட்சி, அவ்வளவுதான். நான் பையனிடம் கேட்டேன்: "இதுல கல்வான் எங்கே மாப்ளே?"

"கல்வானா? அப்படி மேப் எதுவும் இல்லையே மாமா. அடுத்த அப்டேட்ல வருமோ என்னமோ."

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ராத்திரி நடந்தபோது அவன் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ. பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது.

கல்வானை எடுத்துவிட்டது சரியா, தப்பா? சில நாள் இதை யோசித்தேன். முதலில், கண்ணியமான காரியம்தான் என்று தோன்றியது. இருபது பேர் செத்த ஆற்றங்கரையில், செத்தவன் இரண்டு விநாடியில் எழுந்து ஓடுகிற ஆட்டம் ஆடுவதற்கு, ஆடாமல் இருப்பது மேல். அங்கே இறந்தவர் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் தயாரித்தவர்கள் அந்தக் காரணத்துக்காக எடுத்தார்களா? முதல் பாகத்தின் தலைவிதியைப் பார்த்தால், எனக்கு வேறு காரணம் தெரிகிறது. கல்வான் இந்த வகை விளையாட்டுக்குள் நுழையவே நுழையாது. அந்த இரவின் சாரமே, துப்பாக்கி கையில் இருந்தும் சுடவில்லை என்பதுதான். துப்பாக்கி விளையாட்டில் ஓடுவதற்குப் பொத்தான் உண்டு, குனிவதற்கு உண்டு, குதிக்க, குறி பார்க்க, குண்டு மாற்ற உண்டு. சுடாமல் இருப்பதற்குப் பொத்தான் கிடையாது. விரலை எடுத்துவிட்டு நின்றால் அதற்குப் பெயர் கட்டுப்பாடு இல்லை, தூக்கம். நாவலாசிரியனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒருவன் துப்பாக்கியைத் தொட்டு, பிறகு கையை எடுத்துவிடுகிற அந்தக் கணத்தை வைத்துக்கொண்டு நான் ஓர் அத்தியாயமே எழுதிவிடுவேன். கார்மாக்கின் ஊக யந்திரத்துக்கு அந்தக் கணம் ஒரு வெற்றிடம்.

ஆகவே முதல் பாகம் துப்பாக்கியை விட்டு உண்மையை வைத்துக்கொண்டது, ஆட்டம் செத்தது. இரண்டாம் பாகம் உண்மையை விட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது, ஆட்டம் பிழைத்தது. இதில் எனக்கு ஆத்திரம் இல்லை. பலூன் கடைக்காரரிடம் போய்ப் பானிபட்டு யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்களா? பெயர் மட்டும்தான் உறுத்துகிறது. படைவீரன் என்ற பெயரை வைத்துக்கொண்டே அந்தப் படைவீரனை விட்டுவிட்டார்கள். பெயரையும் விட்டிருக்கலாம்.

சுற்று முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வருகிறது. யார் எத்தனை பேரைக் கொன்றான், எத்தனை தடவை செத்தான் என்று இரண்டு எண்கள். என் பெயருக்கு நேரே 1, 14. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புலிமான்கோம்பை நினைவுக்கு வந்தது. இந்த விளாங்குடிக்கு அருகே ஓடுகிற அதே வைகைக் கரையில்தான், மேற்கே, தேனி ஜில்லா ஆண்டிப்பட்டித் தாலுகாவில் அந்த ஊர் இருக்கிறது. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்தவை. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று கணிக்கிறார்கள். அதில் ஒன்று, கூடலூரில் மாடு பிடிக்க நடந்த சண்டையில் இறந்தவனுக்கு நட்டது. சொற்கள் அதிகம் இல்லை. அவன் ஊர் பேடு; பெயர் தீயன் அந்தவன்; நடந்தது கூடலூர் ஆகோள். இவ்வளவே. எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்குக் கல்லில் இல்லை. கல் செதுக்கியவன் அதை முக்கியமாக நினைக்கவில்லை போலும். ஊரும் பேரும் சண்டையும் போதும் என்று நினைத்திருக்கிறான்.

கல்வானுக்கும் அப்படி ஒரு கல் இருக்கிறது. ஷியோக் ஆற்றை ஒட்டித் தௌலத் பேக் ஓல்டிக்குப் போகிற சாலையில், 120-ஆம் நிலை என்று சொல்லுகிற இடத்தில், 2020-ஆம் வருஷமே ராணுவத்தார் அதை எழுப்பினார்கள். இருபது பெயரும் அதில் இருக்கின்றன. டில்லி தேசியப் போர் நினைவிடத்திலும் பொறித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் பிரசங்கமாகச் செய்ய எனக்கு மனமில்லை. பையன்களும் கேட்க மாட்டார்கள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, துப்பாக்கியை வைத்துக்கொண்டே சுடாமல் சண்டை போட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள், திருவாடானைக்கு அருகே கடுக்கலூர் என்று மட்டும் சொன்னேன்.

"சுடாமயா? ஏன் மாமா?"

சொன்னேன். ஒப்பந்தம், இரண்டு கிலோமீட்டர், பீரங்கிப்படை ஹவில்தார், எல்லாம். அவன் இடையில் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. பிறகு விளையாட்டை மூடிவிட்டு, வேறு எதையோ திறந்து, கட்டை விரலால் இழுத்து இழுத்துத் தேடினான்.

"எங்க சின்னம்மாவைத் திருவாடானைப் பக்கந்தான் கட்டிக் கொடுத்திருக்கு. சிவகங்கை, காளையார்கோயில் வழியா ஒரே ரோடு காட்டுது மாமா. பைக்குலயே போயிரலாம்."